பாலத்துக்கு வைத்த பொட்டு

1

ஆயுத பூஜை அன்று அம்பத்தூரிலிருந்து சேகர் ஒரு படம் அனுப்பினான். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நானும் அவனும் பல வருடம் சேர்ந்து வேலை பார்த்த, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப். மிஷின்கள் எல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கின்றன. வாசலில் உடைத்த பூசணிக்காய். படத்தின் கீழே அவன் குரலில் ஒரு செய்தி.

“இன்னா மாமே, இந்த வருசமும் பாலத்துக்குப் பொட்டு வச்சியா? இங்க கள்ளிக்குப்பத்துல உன்னிய போலீஸ் தூக்கிகினு போய்ட்டான்னு பேசிகினு கீறாங்கோ. நான்தான் டீக்கடைல சொன்னேன், அவன் பஸ்ல கண்டக்டராண்ட சில்லறை கேக்கவே கூச்சப்படுவான், அவனா வெள்ளக்காரன் கோட்டைய இடிச்சான்னு. எதுக்கும் ஒரு வார்த்த சொல்லு, உள்ள கீறியா, வெளிய கீறியா?”

வெளியேதான் இருக்கிறேன். கோட்டை எதையும் இடிக்கவில்லை. போன வருடம் ஒரு பொட்டு வைத்தேன். அது கள்ளிக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் பெயிண்ட் ஆகி, பெயிண்ட் கடப்பாரை ஆகி, கடப்பாரை கைவிலங்கு ஆகிவிட்டது போலிருக்கிறது. என் கதையில் அவ்வளவு வீரம் இல்லை என்பதை எழுத்தில் சொல்லிவிடலாம் என்று, நம் பகுதிப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். நேரில் என்றால் இதில் பாதியைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். எதிரே ஆள் இல்லை என்றால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும்.

2

நாங்கள் இருப்பது தெற்கு வேல்ஸில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில். லண்டன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். லண்டனை நான் விமானம் இறங்கிய அன்று ஒரு பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

என் மனைவி கோமதி நர்ஸ். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு நானும் எங்கள் மகள் நிவேதாவும் வந்தோம். விசாவில் என்னைக் குறிப்பிடும் சொல்லுக்கு ‘அண்டி வாழ்பவர்’ என்று அர்த்தம். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்தே அதுதான் நிலைமை, இவர்கள் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. பெரிய பெரிய மிஷின்கள். குழம்புக் கறை, மருந்துக் கறை, மை, ரத்தம், எதுவாக இருந்தாலும் என்னிடம் வரும். கறை எடுப்பதில் கெட்டிக்காரன் என்று அங்கே எனக்குப் பெயர். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் நீங்கள் சிரிப்பதற்கு உதவும்.

வீட்டிலிருந்து அந்த இல்லத்துக்குச் சைக்கிளில் போக ஒரு பாலத்தைத் தாண்டவேண்டும். அந்தப் பாலம்தான் இந்தக் கதை.

ரயில் இஞ்சின் வருவதற்கு முன்பே கட்டிய கல் பாலம் அது. மலையில் வெட்டிய நிலக்கரியைச் சின்ன வண்டிகளில் ஏற்றி, தண்டவாளத்தின் மேல் குதிரைகள் இழுத்துக்கொண்டு போகுமாம். ஆறு குறுக்கே வந்த இடத்தில், வண்டியும் குதிரையும் மேட்டிலிருந்து இறங்காமல் நேராகப் போவதற்காக உயரமான வளைவுகள் எழுப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் கோயில் மதிலில்தான் அப்படிப்பட்ட கல்லைப் பார்க்கமுடியும். இங்கே கரிவண்டிக்குக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது கரி இல்லை, குதிரை இல்லை, தண்டவாளமும் இல்லை. சுரங்கத்து மண்ணைக் கொட்டிய மேட்டில் புல் முளைத்து ஆடு மேய்கிறது. தண்டவாளத்தைத் தாங்கிய கற்கள் மட்டும் பாலத்தின் இரண்டு ஓரமும் கிடக்கின்றன. நடுவில் குதிரைக்குக் கால் இடறக்கூடாது என்று குறுக்குக் கட்டை போடாமல், தண்டவாளத்தைத் தனித்தனிக் கல்லில் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஆணி அடித்த குழி ஒன்று. வந்த புதிதில் நான் அதை உரல் என்று நினைத்து, படம் எடுத்து சேகருக்கு அனுப்பினேன். “உரலு ரொம்ப சின்னதா கீதே, வெள்ளக்காரன் ஒரே ஒரு இட்லிக்குத்தான் மாவு ஆட்டுவானா?” என்று கேட்டான்.

3

மொழி விஷயத்தையும் சொல்லவேண்டும். நான் பத்தாவது பாஸ். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கே வந்த அடுத்த நாள் ரோட்டுப் போர்டைப் பார்த்து எழுத்துக்கூட்டினேன். ஒரு வார்த்தைகூட வாயில் நுழையவில்லை. விமானத்தில் காது அடைத்த மாதிரி மூளையும் அடைத்துவிட்டது என்று பயந்துபோனேன். அப்புறம் நிவேதா சொன்னாள்.

“அப்பா, மேல இருக்கிறது வெல்ஷ். இங்கிலீஷ் கீழ இருக்கு.”

இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு மொழி உண்டு. ரொம்பப் பழைய மொழி. எங்கள் பள்ளத்தாக்கில் அது பேச்சில் குறைந்துபோய், இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. நிவேதா அந்த வெல்ஷ் பள்ளியில்தான் படிக்கிறாள். வீட்டில் நான் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் அதையும் தாண்டி எங்கேயோ போய்விட்டாள். போனில் தோழிகளோடு வெல்ஷில் பேசுவாள், சிரிப்பாள். தொண்டையைச் செருமுவதுபோல ஒரு எழுத்து அதில் அடிக்கடி வரும். அது வந்தால் என்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

பள்ளியில் அவள் பெயர் நிவ். ரோட்டில் என்னோடு நடந்தால் நாலு அடி முன்னால் நடப்பாள். எங்களுக்கு இடையில் ஆள் புகுந்து போகலாம், புகுந்தும் போவார்கள். வீட்டிலும் தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதில், தமிழ் வந்தால் ஒன்றிரண்டு வாக்கியம். கோமதிக்கு இரவு வேலை, பகல் வேலை என்று மாறிமாறி வருவதால் எங்கள் வீட்டில் நீண்ட உரையாடல் என்பது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுதான்.

4

போன வருட ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

எங்கள் ஷாப்பில் பாரம் தாங்குகிற எதையும் விடமாட்டோம். பிரஸ், லேத்தில் தொடங்கி, தள்ளுவண்டி, தராசு, கேன்டீன் பாய்லர் வரைக்கும் பொட்டு உண்டு. ஒருமுறை முதலாளியின் நாற்காலிக்கும் வைத்தோம், அதுவும் பாரம்தானே தாங்குகிறது என்று சேகர் சொன்னான். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. இல்லத்து மேனேஜர் ஸ்டெஃப் சின்னப் பெண், நல்ல பெண். அவளிடம் நாலு நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், “நாளைக்கு மிஷின்களுக்குப் பண்டிகை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, “நல்லது, அப்படியானால் அன்றைக்குத் துணி குறைவாகப் போடச் சொல்கிறேன்” என்றாள்.

காலையில் வீட்டில் பூஜை. நிவேதாவிடம் புத்தகங்களைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைக்கச் சொன்னேன்.

“ஹோம்வொர்க் இருக்குப்பா. இன்னைக்கு வச்சா நாளைக்குத்தான் எடுக்கணும்ப. டீச்சர்கிட்ட என்ன சொல்ல, சாமி படிச்சுட்டு இருக்குன்னா?”

“ஒரே ஒரு புத்தகம் வைம்மா, படிக்காத புத்தகமா பார்த்து.”

“எல்லாமே படிக்கிறதுதான்” என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தின வருடம் வரை வைத்தவள்.

பூசணிக்காய் வாங்கியிருந்தேன். இங்கே அந்த மாதத்தில் கடை வாசலெல்லாம் பூசணிதான், ஆனால் ஆரஞ்சு நிறம், பேய் முகம் செதுக்குவதற்காக விற்கிறார்கள். தெருவில் உடைத்தால் வேலை போய்விடும் என்று கோமதி எச்சரித்ததால், பின்பக்கம் கொல்லையில் ஓங்கிப் போட்டேன். உடையவில்லை. துள்ளி, சரிவில் உருண்டு, வேலியடிச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டுப் பாட்டி அதை ஒரு கூடையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். வாங்கி உள்ளே வைத்தேன். ஒரு வாரம் சாம்பார்.

சந்தனப் பொடி கொஞ்சம்தான் இருந்தது. அதனால் ஷாப்பில் செய்கிற மாதிரியே மஞ்சள் பொடியைத் தாராளமாகக் கலந்து குழைத்துக்கொண்டேன். சைக்கிளுக்கு வைத்தேன். இல்லத்தில் துவைக்கும் மிஷின், உலர்த்தும் மிஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் வைத்தேன். ஸ்டெஃப் வந்து பார்த்து, தன் கம்ப்யூட்டருக்கும் ஒன்று கேட்டாள். சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பினேன்.

பாலத்துக்கு வரும்போது பார்த்தால் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம். பூஜைக்குக் குழைத்ததைக் குப்பையில் எப்படிப் போடுவது? ஆற்றில் கழுவலாம் என்றால் பாலத்திலிருந்து ஆறு ரொம்பக் கீழே. யோசித்துக்கொண்டே கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். அப்போதுதான் தோன்றியது. இத்தனை வருடம் கரியைத் தாங்கியது, குதிரையைத் தாங்கியது, இப்போது தினமும் இரண்டு வேளை என்னையும் என் சைக்கிளையும் தாங்குகிறது. இதற்கு யார் பொட்டு வைத்தார்கள்? அக்கம்பக்கம் பார்த்தேன். ஒரு ஆடுதான் பார்த்துக்கொண்டிருந்தது. பாலம் தொடங்கும் இடத்துத் தூணில் அகலமாக மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்து, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வந்தேன்.

நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

5

ராத்திரி மழை. காலையில் வேலைக்குப் போகும்போது தூணைப் பார்த்தேன். கால் பெடலிலேயே நின்றுவிட்டது.

தூணிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

பயப்படாதீர்கள், நான்தான் பயந்தேன். அந்தப் பாலத்தைப் பாதுகாக்க ஊரில் ஒரு தொண்டர் குழு இருக்கிறது. சனிக்கிழமைகளில் வந்து செடி பிடுங்குவார்கள், கல் இடுக்குகளைப் பூசுவார்கள். சிமெண்ட் பூசினால் பழைய கல் கெட்டுவிடும் என்று சுண்ணாம்புதான். அந்த மாதம்தான் அந்தத் தூணுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பூசும்போது நானே பார்த்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வாசனை என்று மூக்கை நீட்டி மோந்துகூடப் பார்த்தேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆரத்தி ஆகும். நம் ஊரில் மூன்று வயசுப் பிள்ளைக்குத் தெரியும். நான் என் கல்யாணத்தில், நிவேதா பிறந்து வீட்டுக்கு வந்தபோது, விமானம் ஏறக் கிளம்பியபோது என்று எத்தனை ஆரத்திக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஆனால் பாலத்துக்கு ஒரு ஆரத்தியைக் கரைத்துப் பூசிவிட்டு வந்தது எனக்குத் தெரியவில்லை. மழைத் தண்ணீர் அதை இடுக்கு இடுக்காக இழுத்துக்கொண்டு கீழே வரைக்கும் கொண்டுபோயிருந்தது.

சாயங்காலம் திரும்பும்போது தூணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அறிவிப்பு ஒன்று தொங்கியது. மேலே வெல்ஷ், கீழே ஆங்கிலம். பழக்கத்தில் கீழே படித்தேன். இது பாதுகாக்கப்பட்ட சின்னம், இதைச் சேதப்படுத்துவது குற்றம், யார் செய்தது என்று தெரிந்தவர்கள் சொல்லவும். ‘குற்றம்’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் நான் அவ்வளவு பயந்தது ஏன் என்று புரியும். இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கு நாங்கள் விண்ணப்பிக்கவேண்டிய சமயம் அது. கோமதி பண்டிகை, விடுமுறை பார்க்காமல், முழங்கால் வீங்கிப்போய் வேலை செய்தது அதற்காகத்தான். விண்ணப்பத்தில் நடத்தையைப் பற்றி ஒரு பகுதி. போலீஸ் வழக்கு உண்டா, குற்றம் உண்டா என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். இந்த நாட்டுத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், குப்பைத் தொட்டியைத் தப்பான நாளில் வெளியே வைத்தாலே ஆபத்து என்று எழுதியிருந்தார். குப்பைத் தொட்டிக்கே அப்படி என்றால் பாலத்துக்கு?

கோமதி வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

“ஏங்க, அந்தப் பாலத்துல ரத்தமா வழியுதுன்னு ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்களே, அது நீங்களா?”

“மஞ்சள்தான் கோமு. கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு.”

“மிச்சம் இருந்தா நெத்தியில பூசிக்கிறது! வெள்ளைக்காரன் கட்டின பாலத்துல போயா பூசணும்?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்புறம் குரல் இறங்கி, “நான் எத்தனை நைட் டூட்டி பார்த்தேன் தெரியுமாங்க” என்றாள்.



உள் அறையிலிருந்து நிவேதா எட்டிப் பார்த்தாள். “அது நீயாப்பா? ஸ்கூல் ஃபுல்லா அதான் பேச்சு. யாரோ சூனியம் வச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லாத. ப்ளீஸ்.” கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் என்னிடம் தமிழில் இத்தனை வாக்கியம் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதுவும் இதற்கா வரவேண்டும்.

6

கறை எடுப்பது என் தொழில் என்று சொன்னேன் இல்லையா? சனிக்கிழமை விடிந்ததும் இல்லத்துச் சலவைத்தூள், பிரஷ், ஒரு வாளித் தண்ணீரோடு கிளம்பினேன். ஆள் வருவதற்குள் துடைத்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம்.

சலவைத்தூளும் சுண்ணாம்புக்குத் தம்பிதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு ஏறியது. மங்கியிருந்த கோடெல்லாம் உயிர் வந்து எழுந்தது. நுரையே சிவப்பாக வந்து சட்டையில் வழிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்டை அறுத்தவன் மாதிரி இருந்திருப்பேன்.

“ஏய், அங்கே என்ன?” என்று பின்னால் ஒரு குரல்.

தொண்டர் குழுவின் தலைவி க்ளெனிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிர் மலையில் கேட்கும். நான் எழுந்து, பிரஷைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒத்திகை பார்க்காத ஆங்கிலத்தில், “நான்… சுத்தம்… நான் சுத்தம்” என்றேன். ‘செய்கிறேன்’ என்ற பகுதி வரவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: “யாரோ செய்த அசிங்கத்தை, யாரும் சொல்லாமலே வந்து கழுவுகிறாயே. உன்னை மாதிரி பத்துப் பேர் இருந்தால் இந்தப் பாலம் இன்னும் இருநூறு வருஷம் நிற்கும். ஆனால் சோப்பு வேண்டாம், செல்லம், சுண்ணாம்பைத் தின்றுவிடும்.”

இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் செல்லம் என்றுதான் கூப்பிடுவார்கள். பழகிவிட்டது. பழகாதது, அவர் காரிலிருந்து ஒரு ஆரஞ்சு மேல்சட்டையைக் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டதுதான். முதுகில் குழுவின் பெயர். அன்றிலிருந்து நான் பாலம் காக்கும் தொண்டர்.

மறுக்கவேண்டும் என்றால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொல்ல ஆங்கிலம் வேண்டும், அதைவிட முக்கியமாகத் தைரியம் வேண்டும். இரண்டும் இல்லாததால் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு என் பொட்டை நானே தேய்த்தேன். ஒருமுறை வீட்டில் பித்தளைக்குச் செய்வதுபோல் புளிக் கரைசல் எடுத்துப்போனேன். க்ளெனிஸ் மோந்து பார்த்து, அதையும் பிடுங்கிக் கொட்டிவிட்டார். செடி பிடுங்கினேன், கல் சுமந்தேன், சுண்ணாம்பு குழைத்தேன். பிரஸ் ஷாப்பில் பழகிய கை, சும்மா இருக்காது. என்னைப் பாராட்டாத சனிக்கிழமை இல்லை. ஒவ்வொரு பாராட்டும் முதுகில் ஒரு கல்லை ஏற்றியது. விண்ணப்பம் போய்விட்டது, பதில் வரவில்லை. இப்போது போய் ‘நான்தான்’ என்று சொன்னால், செய்ததோடு ஏமாற்றியதும் சேரும்.

7

வசந்தகாலத்தில் ஊர்மக்களுக்குப் பாலத்தைச் சுற்றிக் காட்டும் நாள் ஒன்று வைத்தார்கள். ஆங்கிலத்தில் விளக்க க்ளெனிஸ். வெல்ஷில் விளக்கப் பள்ளியிலிருந்து ஒரு மாணவி. அந்த மாணவி யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது, அதுவும் ஃபிரிட்ஜ் கதவுச் சீட்டு வழியாக.

“அப்பா, நீ வராத” என்றாள். “டீச்சர் வருவாங்க, எல்லாரும் வருவாங்க. அந்தத் தூண்கிட்ட நிக்கும்போது நீ மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுப்ப. மாட்டிப்போம்.”

“வரல” என்றேன். ஆனால் க்ளெனிஸ் காலையிலேயே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் வரவில்லை என்று சொல்லும் ஆங்கிலத்தை நான் இன்னும் படிக்கவில்லை. கூட்டத்தில் கடைசி ஆளாக, ஆரஞ்சு சட்டைக்குள் எவ்வளவு ஒளியமுடியுமோ அவ்வளவு ஒளிந்து நின்றேன். கோமதி பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிவேதா நன்றாகப் பேசினாள். ஒன்றும் புரியவில்லை, ஆனால் நன்றாகப் பேசினாள் என்பது தெரிந்தது. குதிரை மாதிரி நடந்து காட்டினாள், கரிவண்டியைத் தள்ளிக் காட்டினாள். வீட்டில் அவள் இவ்வளவு கையை ஆட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. ஆணிக் குழி இருந்த கல்லைக் காட்டி ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். உரல் கதையாக இருக்குமோ என்று சந்தேகம்.

அப்புறம் அந்தத் தூண். குளிர்காலம் முழுக்கத் தேய்த்தும், இடுக்கில் ஒரு இளஞ்சிவப்பு தங்கியிருந்தது. ஒரு சின்னப் பெண் அதைத் தொட்டு ஏதோ கேட்டாள்.

நிவேதா பேச்சை நிறுத்தினாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் மூஞ்சியை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளக்கூடாது என்று பாடுபட்டேன். அதுவே ஒரு மாதிரியாக இருந்திருக்கும்.

அவள் மூச்சை இழுத்துவிட்டு வெல்ஷில் நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் மூன்று விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். கைகூப்பிக் காட்டினாள். பிரஷால் தேய்ப்பதுபோலக் காட்டினாள். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“போச்சு” என்றேன் கோமதியிடம். “நம்ம பேப்பர் போச்சு.”

ஒரு கிழவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நானும் சேர்ந்து தட்டினேன்.

கூட்டம் நகர்ந்ததும் க்ளெனிஸ் பக்கத்தில் வந்தார். உன் மகள் என்ன சொன்னாள் தெரியுமா என்று கேட்டு, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்: “இது என் அப்பா செய்தது. எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள், நமக்காகப் பாரம் தாங்குகிற எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வோம். இந்தப் பாலத்துக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. பிறகு சோப்புப் போட்டுக் கெடுத்தார்.”

“நான்… மன்னிக்கணும்…” என்று ஆரம்பித்தேன்.

“அட, அன்றைக்கே தெரியுமே, செல்லம்! முழங்கை வரைக்கும் சிவப்பாக நின்றாயே. உன் சைக்கிளில் அதே பொட்டு இருந்தது. துணி துவைக்கும் அறையில் மிஷின் முழுக்க அதே பொட்டு என்று ஸ்டெஃப்பும் சொன்னாள். இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யார் வைப்பார்கள்? அறிவிப்பை அன்றைக்கே எடுத்துவிட்டோமே, பார்க்கவில்லையா?”

பார்க்கவில்லை. சைக்கிளில் போகும்போதும் சரி, சனிக்கிழமை தேய்க்கும்போதும் சரி, அறிவிப்பு தொங்கிய பக்கம் நான் கண்ணைத் திருப்பியதே இல்லை.

“தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் நீ சனிக்கிழமை வருவதை நிறுத்திவிடுவாயே. உன்னை மாதிரி சுண்ணாம்பு குழைக்க எங்களுக்கு ஆள் இல்லை.”

அவர் சிரிப்பு எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஊரெல்லாம் தெரிந்த ரகசியத்தை, ஊரிலேயே ஒரே ஒரு தமிழ்க் குடும்பத்துக்காரனாகிய நான், யாருக்கும் தெரியாது என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றியிருக்கிறேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். நிவேதா வழக்கம்போல முன்னால் நடந்தாள். “எதுக்கும்மா சொன்ன?” என்று கேட்டேன்.

திரும்பாமலே, “அந்தப் பாப்பா அது ரத்தமான்னு கேட்டுச்சுப்பா. சூனியம்னு சொல்லவா? உன்ன அப்படிச் சொல்ல எனக்குப் பிடிக்கல” என்றாள்.

கோடையில் எங்கள் அனுமதி வந்தது. பாலத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

8

இந்த வருட ஆயுத பூஜையைக் குழுவே வைத்தது. க்ளெனிஸ்தான் கேட்டார், இந்தமுறை ஒழுங்காகச் செய்வோம் என்று. பாலத்தின் ஓரம் ஒரு தார்ப்பாயை விரித்து, சுண்ணாம்பு பூசும் கொல்லறு, பிரஷ், மண்வெட்டி, வாளி, தள்ளுவண்டி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தார்கள். சந்தனத்தை நிவேதா குழைத்தாள். நான் மஞ்சள் டப்பாவை எடுத்தேன்.

“அப்பா! அதைக் கீழ வை. சுண்ணாம்பு பக்கத்துல நீ மஞ்சளைத் தொடவே கூடாது.”

வைத்துவிட்டேன். பாலத்தின் மேல் எதுவும் படாமல், தார்ப்பாயில் இருந்த சாமான்களுக்கு மட்டும் பொட்டு வைத்தோம். பூசணியை உடைக்க ஆரம்பித்தேன், இந்த வருடமும் உடையவில்லை. கடைசியில் க்ளெனிஸ் சம்மட்டியால் ஒரு போடு போட்டார்.

சேகருக்கு அனுப்பப் படம் எடுக்கும்போதுதான் பார்த்தேன். மண்வெட்டிக்கும் வாளிக்கும் நடுவில் ஒரு புத்தகம். நிவேதாவின் வெல்ஷ் புத்தகம். அட்டையில் சின்னதாக ஒரு பொட்டு.

“இதை யாரு வச்சது?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“பாரம் தாங்குறது எல்லாம்னு நீதானப்பா சொன்ன” என்றாள்.

கோமதி உடனே பிடித்துக்கொண்டாள். “பூஜையில வச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும். அதுவரைக்கும் வெல்ஷ் வாயில வரக்கூடாது.”

“சரி. வராது.”

“இங்கிலீஷும் கூடாது, ஆமா.”

“அம்மா!” என்று முறைத்தாள். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அன்று முழுக்க, படுக்கப் போகும்வரை, எங்கள் மகள் தமிழிலேயே பேசினாள். பாதி வார்த்தைகளுக்குத் தடுமாறினாள், நிறுத்தி யோசித்தாள், கைகளை ஆட்டினாள். பெரும்பாலும் என்னைத் திட்டுவதற்காகத்தான் பேசினாள்: நான் பிடித்த பிரஷ் தப்பு, நடந்த விதம் தப்பு, எல்லோர் முன்னாலும் அவளை நிவ் என்றில்லாமல் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது தப்பு. இன்னும் ஏதாவது தப்புச் செய்தால் இன்னும் கொஞ்சம் பேசுவாளே என்று, கையில் கிடைத்த மஞ்சள் டப்பாவை மறுபடி எடுத்தேன்.